ஆரணியில் நண்டு கேக்

ஆரணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிபன் ஓட்டல். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்த சர்வர், "இன்னா சாப்பிட்றீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் நாலு வயது மகள் ஆதிரா, மேசைக்கு மேல் கண்கள் மட்டும் தெரிய உட்கார்ந்தபடி, மிகப் பொறுப்பாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"பிராயில்டா, ஃப்ரைடா?"

அவர் குனிந்தார். "இன்னா பாப்பா?"

"பிராயில்டா, ஃப்ரைடா?"

"ஓ, பாயில்டா!" அவர் முகம் மலர்ந்தது. "முட்டை கேக்குதும்மா கொழந்த. இது சைவ ஓட்டல் கண்ணு. முட்டை வோணும்னா எதிர் கடைக்குப் போவணும்."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆதிரா சிரிக்கவில்லை. இட்லி வந்ததும் அதை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்து மெதுவாக மேலே வந்தது. மறுபடி அழுத்தினாள். அவளுக்கும் இட்லிக்குமான உறவு அத்துடன் முடிந்தது. அவள் பங்கையும் நானே சாப்பிட்டேன். வெளியே வரும்போது என் கை தானாக அவள் கையைப் பிடித்து, மணிக்கட்டின் கனத்தைப் பார்த்தது. ஊருக்கு வந்த நாள் முதல் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் அமெரிக்காவின் மேரிலாந்தில், பால்டிமோருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். நண்டு அந்த மாநிலத்தின் செல்லப்பிள்ளை. கார் நம்பர் பிளேட்டில் நண்டு, சாக்ஸில் நண்டு, குழந்தைகளின் பள்ளிப் பையில் நண்டு. அங்கே பேர்போன பண்டம் கிராப் கேக். கேக் என்றதும் கிரீமும் மெழுகுவர்த்தியும் நினைக்க வேண்டாம். நண்டுச் சதையை ஓட்டிலிருந்து எடுத்து, முட்டை, மயோனைஸ், கொஞ்சம் ரொட்டித்தூள் சேர்த்து, நம் மசால்வடையைவிடத் தடிமனாக உருட்டுவார்கள். அதை எண்ணெயில் பொரித்தால் ஃப்ரைடு. மேலிருந்து தணல் படும்படி வாட்டினால் பிராயில்டு. எந்தக் கடையில் போய் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி இதுதான். ஆதிரா பேச்சுக் கற்ற வயதில் அதிகம் கேட்ட வாக்கியமும் இதுதான். ஓட்டலில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்டாக வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவர்கள் கேட்க மறந்தால் இவள் கேட்டுவிடுவாள்.

இரண்டு வயதில் அவள் சாப்பாட்டை நிறுத்தினாள். நிறுத்தினாள் என்று நான் சொல்வேன். என் கணவர் பிரபு "குறைச்சுக்கிட்டா" என்பார். பருப்பு சாதம் வேண்டாம், தயிர் வேண்டாம், அங்கத்திய குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டு தின்னும் மக்ரோனியும் வேண்டாம். குழந்தை மருத்துவர் கணினியில் எடை வளர்ச்சி வளைகோட்டைக் காட்டினார். ஆதிராவின் புள்ளி கடைசிக் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. "அவள் கோட்டோடுதான் போகிறாள், கவலைப்படாதே" என்றார். அதில் எனக்கு 'கவலை' மட்டும் காதில் விழுந்தது. அந்தச் சமயத்தில்தான் டேகேர் தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்குப் போனோம். என் தட்டிலிருந்த கிராப் கேக்கை ஆதிரா ஒரு விள்ளல் எடுத்தாள், இன்னொன்று எடுத்தாள், பிறகு தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் அந்த வீட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிரபுவுக்கு போன் செய்து அழுதேன். "யாருக்காவது அடிபட்டுடுச்சா?" என்று அவர் பதறினார்.

அதன் பிறகு எங்கள் சனிக்கிழமைகள் எல்லாம் நண்டுக்குப் போயின. டின்னில் வரும் நண்டை வாங்கி வீட்டில் செய்து பார்த்தேன், தொடவில்லை. எனவே பாலம் தாண்டி, வளைகுடாவின் கரையோரத்துத் தகரக் கொட்டகைக் கடைகள், வெள்ளைத் துணி விரித்த உணவகங்கள், மீன் சந்தைக் கவுண்டர்கள் என்று வண்டி ஓட்டினோம். அங்குள்ள தமிழ் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் எங்கே நன்றாக இருந்தது என்று ஒருமுறை எழுதினேன். இன்னும் எழுது என்றார்கள். 'நண்டு ரிப்போர்ட்' என்று அதற்கு ஒரு பெயரே வந்துவிட்டது. எப்போதும் எதையாவது நினைத்துத் தவிக்கும் எனக்கு, இதில் மட்டும் ஒரு துணிச்சல் வந்தது. ஒரு கடையைப் பற்றி, "ரொட்டித்தூள் அதிகம், கல்யாண வீட்டில் உறவுக்கூட்டம் போல நிறைந்திருக்கிறது, மாப்பிள்ளையைத்தான் காணவில்லை" என்று எழுதினேன். பாராட்டினார்கள். அன்று முழுவதும் அந்தக் கடைக்காரர் முகம் கண்முன் வந்துகொண்டே இருந்தது. பாவம், வயதானவர், ஆதிராவுக்கு எலுமிச்சைத் துண்டு கூடுதலாகக் கொடுத்தவர். போய், "ஆனால் சேவை மிக நன்று" என்று சேர்த்தேன். அப்படி எழுதினால் சாப்பாடு மோசம் என்றுதானே அர்த்தம் என்று பிரபு சொன்னார். மறுபடி போய் அதையும் அழித்தேன்.

இந்தக் கோடையில் நானும் ஆதிராவும் மட்டும் ஆரணிக்கு வந்தோம். பிரபுவுக்கு விடுமுறை இல்லை. அண்ணிக்குப் பிரசவம் என்று அம்மா சென்னையில் இருந்ததால், சாந்தி அக்கா வீட்டில் தங்கினோம். பக்கத்து வீட்டு விசைத்தறி காலையில் தொடங்கினால் இரவுச் சாப்பாடுவரை ஓயாது. ஆதிரா முதல் நாள் அதைக் கேட்டு, "டிரெயின் எப்ப நிக்கும்?" என்றாள். அவள் சாப்பிட்டவை வாழைப்பழம், மேரி பிஸ்கட், அப்பளத்தின் ஓரம். அக்கா இட்லி, இடியாப்பம், பால் கொழுக்கட்டை என்று வரிசையாகச் செய்து வைத்தாள். ஒவ்வொன்றையும் ஆதிரா விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மரியாதையாக, "நோ தேங்க்யூ, பெரிம்மா" என்றாள்.

"தேங்க்யூ சொல்லியே கொல்லுதுடி உன் பொண்ணு" என்றாள் அக்கா. "அந்த ஊர்ல இன்னாதான் துண்ணுது?"

சொன்னேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நண்டா? இதுக்கா கவி இவ்ளோ பேஜார்? நம்ம பக்கத்துல இல்லாத நண்டா?"

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. நாங்கள் நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள். நடவுக்கும் களைக்கும் போகும் அம்மா, வரப்பில் பிடித்த கழனி நண்டுகளைத் துணியில் முடிந்து கொண்டுவருவாள். இடித்து ரசம் வைத்தால் மூக்கும் கண்ணும் ஒழுகி, சளியெல்லாம் ஓடிவிடும். அவ்வளவு ருசி. ஆனால் பள்ளியில் யாராவது "நேத்து உங்க ஊட்ல இன்னா கொழம்பு?" என்று கேட்டால் அக்கா எனக்கு முன்னாலேயே "மீனு" என்றுவிடுவாள். கழனி நண்டு தின்கிறவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று ஊருக்கே தெரியும். மேரிலாந்தில் முதன்முதலாக உணவுப் பட்டியலில் நண்டைப் பார்த்தபோது, அதற்கு நேராக விலையே இல்லை. 'மார்க்கெட் பிரைஸ்' என்று மட்டும் போட்டிருந்தது. விலையை எழுதக்கூடத் துணியாத அளவுக்கு உயர்ந்த பண்டம். அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவள் ஒரே ஒரு வார்த்தை பதில் அனுப்பினாள்: "மீனு."

அக்கா இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். போளூர் முதல் வந்தவாசி வரை அவள் ஏறாத வாசற்படி இல்லை. அந்த வாரம் எப்படியும் சுற்ற வேண்டியிருந்ததால், ஸ்கூட்டரில் முன்னால் ஆதிராவை நிற்க வைத்து, பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். குழந்தைக்கு ஹெல்மெட் இல்லையே என்று நான் சொன்னதை அவள் காற்றில் கேட்கவில்லை. கேட்டும் கேட்காததாக இருந்திருக்கலாம்.

முதலில் ஆரணியிலேயே, பிரியாணிக் கடை. கடைக்காரர் பாய் அக்காவிடம் பாலிசி போட்டிருப்பவர். நண்டு என்றதும் இரண்டு கையையும் விரித்தார். "எங்களுக்கு நண்டு ஆகாதுங்களே. மக்ரூ, மார்க்கத்துல ஒதுக்கி வெச்சது. துண்றதும் இல்ல, சமைக்கிறதும் இல்ல. மட்டன் கீது, சிக்கன் கீது. பாப்பாவுக்குக் காரம் கம்மியா குஸ்கா குடுக்கட்டா?" கொடுத்தார். ஆதிரா சில பருக்கைகளை நிறம் பிரித்து வைத்தாள். வெள்ளைப் பருக்கை ஒன்று வாய்க்குள் போனதை நான் பார்த்தேன். போளூரில் ஒரு மெஸ்ஸில், "நண்டு ஞாயித்துக்கெழம மட்டும்தாங்க, ஐஸ்ல வர்றது" என்றார்கள். அன்று புதன்கிழமை.

வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு சமண கிராமத்தில் அக்காவுக்கு வேலை இருந்தது. வண்டியை நிறுத்தும்போதே அவள் என் காதில் சொன்னாள்: "இங்க வாயத் தெறந்து நண்டுன்னு சொல்லித் தொலைக்காத. இவங்க பொழுது சாஞ்சா வெளக்குல பூச்சி வுழும்னு சாப்பிடவே மாட்டாங்க." நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். அந்த வீட்டு அம்மா தட்டு நிறைய முறுக்கும் பழமும் கொண்டுவந்து, ஆதிராவின் கன்னத்தைத் தொட்டு, "உனுக்கு இன்னா கண்ணு வோணும்? கூச்சப்படாம கேளு" என்றார்.

"கிராப் கேக்" என்றாள் ஆதிரா. கூச்சமே படவில்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். அந்த அம்மா வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "கேக்குல முட்டை போடுவாங்களே கண்ணு, நாங்க தொட மாட்டோமே. முறுக்கு துண்றியா?" அக்கா முறுக்கை எடுத்து ஆதிராவின் வாயில் திணிக்காத குறை. திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்கூட்டர் நேராகப் போகவில்லை, அவ்வளவு சிரித்தாள்.

தெள்ளாரில் 'நண்டு மெஸ்' என்று ஒன்று இருப்பதாக யாரோ அடித்துச் சொன்னார்கள். விசாரித்தால் எல்லோரும் உடனே வழி காட்டினார்கள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. தென்னங்கீற்றுக் கொட்டகை, நாலு பெஞ்சு, உள்ளே ஒல்லியாக ஒருவர் விறகு தள்ளிக்கொண்டிருந்தார்.

"நண்டு எங்கங்க?" என்றாள் அக்கா.

"நான்தாங்க" என்றார் அவர்.

சின்ன வயதில் காலைக் குறுக்கே போட்டு நடப்பாராம். ஊர் வைத்த பெயர் கடைக்கும் ஒட்டிக்கொண்டது. கடையில் ஆட்டுக்கறி மட்டும்தான். எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட, ஆதிராவுக்காகக் கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பக்கவாட்டில் நடந்து காட்டினார். ஆதிரா பின்னாலேயே நடந்தாள். அன்று மாலை குழுவில் ரிப்போர்ட் போட்டேன்: "தெள்ளார் நண்டு மெஸ். நண்டு கிடைக்காது. நண்டு மிக நல்ல மனிதர்." மேரிலாந்தில் அத்தனை அம்மாக்களும் சிரிக்கும் முகங்களாக அனுப்பினார்கள். பிரபு மட்டும் தனியாகக் கேட்டிருந்தார்: "அவ என்ன சாப்பிட்டா?" நான் ஆதிராவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு மெலிந்துதான் இருந்தது. அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. சீக்கிரமே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு திரும்பிவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? எங்களுக்காக விடுப்பெல்லாம் சேர்த்து வைத்திருந்த அவள் மகள் வர்ஷினியிடம்தான் எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை அக்காவின் கணவர், எங்கள் மாமா, வெற்றி முகத்தோடு வந்தார். மாமா பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலையில் இருப்பவர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். செருப்பைக் கழற்றும்போதே, "கெடச்சிடுச்சி" என்றார்.

"இன்னா கெடச்சிச்சி?"

"நண்டு கேக்கு. நம்ம மார்க்கெட் ரோட்டு பேக்கரில. ஆர்டர் குடுத்தா செஞ்சி தர்றாங்களாம். நாளைக்கி சாயங்காலம் ரெடி."

எனக்கு நம்ப முடியவில்லை. ஆனால் ஊர் எவ்வளவோ மாறியிருக்கிறது. பீட்சா கிடைக்கிறது, மோமோ கிடைக்கிறது, இதுவும் வந்திருக்கலாம். உறுதிப்படுத்திக்கொள்ள பேக்கரிக்கு நானே போன் செய்தேன்.

"சதை பெருசு பெருசா இருக்குமாங்க?"

"பெருசாவே போட்டுடலாம் மேடம். கொடுக்கெல்லாம் நல்லா எடுப்பா வரும்."

"உள்ள ரொட்டித்தூள் நிறைய சேர்ப்பீங்களா?"

"சேச்சே, ரொட்டில்லாம் இல்ல மேடம். உள்ள ஃபுல்லா ஒரிஜினல்."

"ஓடு எதுவும் வராதே? சின்னக் குழந்தை."

"ஓடும் சாப்பிடலாம் மேடம், சாஃப்டாதான் இருக்கும். கண்ணு மட்டும் பாத்து. குச்சி இருக்கும்."

நண்டுக்குக் கண் குச்சியின் மேல்தானே இருக்கிறது, எவ்வளவு அக்கறையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். மெல்லோடு நண்டு என்று மேரிலாந்திலும் ஒன்று உண்டு. ஓட்டோடு தின்பார்கள். ஆரணியில் அது கிடைக்கிறதென்றால் குழுவில் யாரும் நம்ப மாட்டார்கள்! பிரபுவிடம் சொன்னேன். ஆதிராவிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்து, பிறகு சொல்லிவிட்டேன். அவள் சனிக்கிழமை முழுவதும் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

மாமா பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடிவிட்டன. நூலைப் பிரித்தார். உள்ளே செக்கச் செவேலென்று கிரீம் பூசிய ஒரு நண்டு படுத்திருந்தது. எட்டுக் கால், இரண்டு கொடுக்கு, பல்குச்சியில் செருகிய இரண்டு செர்ரிப் பழக் கண்கள். முதுகில் வெள்ளை எழுத்தில், 'வெல்கம் ஆதிரா'.

தறிச் சத்தம் மட்டும் கேட்டது. மாமா என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். "நண்டு கேக்குதானம்மா கேட்ட?" என்றார், மிகச் சன்னமாக.

ஆதிரா குனிந்து அந்த நண்டை நெடுநேரம் பார்த்தாள். அழப் போகிறாள் என்று நான் கையை நீட்டினேன். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, விக்கல் வரும்வரை சிரித்தாள். "மாமா தாத்தா நண்டு வாங்கிட்டார்! நண்டே கேக்! கேக்கே நண்டு!" மாமாவை அவள் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அதுவரை தெரியாமல் இருந்தவள், அன்று தானே ஒரு உறவுமுறை செய்துகொண்டாள். 'பெரிப்பா' என்று வர்ஷினி எத்தனை முறை திருத்தியும் மாற்றிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் நண்டைக் கால் காலாகப் பிய்த்துத் தின்று தீர்த்தார்கள். ஆதிரா சாப்பிட்டது ஒரு கண்.

"ஒரு செர்ரிப் பழம்" என்றேன் அக்காவிடம், சமையலறையில். "நாள் பூரா இன்னைக்கு அவ சாப்பிட்டது ஒரு செர்ரி. நான் டிக்கெட்டை மாத்திடட்டாக்கா?"

அக்கா பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "அது வாய்ல எதனா வெக்கிறப்ப உன் மூஞ்சிய நீ கண்ணாடில பாத்துகிறியா? ரிசல்ட்டு பாக்கற மாதிரி பாத்துகினு குந்திகிற. எனுக்கே தொண்டைல எறங்காது." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். "நாளைக்கி ஞாயித்துக்கெழம. மார்க்கெட்டுக்குக் கடல் நண்டு வரும். அதைப் பண்ணிப் பாத்துட்டு அப்பறம் மாத்து."

காலையில் போனோம். பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த நீலக்கால் நண்டுகள். அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்த்து எடுத்தாள். திரும்பி வரும்போது பிளாஸ்டிக் பையைக் கிழித்துக்கொண்டு ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பழைய பழக்கம், பையைத் துப்பட்டாவால் மூடினேன். எதிரே வந்த பட்டுக்கார வீட்டு அம்மா பார்த்துவிட்டார்.

"இன்னா சாந்தி, பையில நண்டா?"

"ஆமாங்க" என்றாள் அக்கா தெருவுக்கே கேட்கும்படி. "அமெரிக்காலேர்ந்து தங்கச்சி வந்துகிறா இல்ல? அவங்க ஊரு ஐட்டம்!"

"அப்டியா! எப்டிச் செய்யறதுன்னு சொல்லுங்களேன், எங்க பொண்ணு கேக்கும்" என்றார் அந்த அம்மா. அவர் தெரு முனை திரும்பும்வரை பொறுத்துவிட்டு, நாங்கள் இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பாதி நண்டு என் கேக்குக்கு, பாதி அக்காவின் குழம்புக்கு என்று ஒப்பந்தம். வேகவைத்து, ஓடு உடைத்து, ஊசி போன்ற ஓட்டுத் துணுக்கெல்லாம் நீக்கிச் சதை எடுப்பதற்குள் எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. மயோனைஸ் போட்டேன். "சீ, வெளக்கெண்ண மாதிரி கீது" என்றாள் அக்கா. பொட்டுக்கடலை மாவும் சோம்பும் போடு, வடை மாதிரிப் பிடித்துக்கொள்ளும் என்றாள். மேரிலாந்தில் சோம்பு போட மாட்டார்கள் என்றேன். ரொட்டித்தூளைப் பற்றி ஊர் ஊராக எழுதியவளாயிற்றே, அதை மிகக் குறைவாகப் போட்டேன். உருட்டித் தோசைக்கல்லில் வைத்துத் திருப்பியதும் அது உதிர்ந்தது. எல்லாமே மாப்பிள்ளை, பிடித்து வைக்க உறவினர் ஒருவர்கூட இல்லை. தட்டில் கொண்டுபோய் வைத்தேன். ஆதிரா பார்த்தாள். "இது ரவுண்டா இல்ல" என்றாள். "நோ தேங்க்யூ, அம்மா."

நான் சமையலறைக்கு வந்து, குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். பின்னால் கூடத்தில் அக்கா தரையில் செய்தித்தாளை விரித்து, குழம்பில் வெந்த நண்டுகளைத் தாம்பாளத்தில் கொட்டும் சத்தம் கேட்டது. வர்ஷினியும் மாமாவும் உட்கார்ந்தார்கள். செய்தித்தாளைப் பார்த்ததும் ஆதிராவுக்கு எதுவோ ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேரிலாந்தில் முழு நண்டை இப்படித்தான் தாள் விரித்த மேசையில் கொட்டி, ஆளுக்கொரு சின்ன மரச்சுத்தியலால் உடைத்துத் தின்பார்கள். பக்கத்து மேசைகளில் அவள் பார்த்திருக்கிறாள். விரலை நசுக்கிக்கொள்வாள் என்று நான் அவளுக்கு ஒருநாளும் வாங்கித் தந்ததில்லை.

"எங்க சுத்தி?" என்றாள்.

"சுத்தியா? இன்னாத்துக்கு? பல்லு இல்ல உனுக்கு?" இது வர்ஷினி. கடைவாயில் கால் ஓடு உடையும் 'கடக்' சத்தம்.

"அங்க சுத்தியாலதான் அடிப்பாங்க. டம், டம்னு."

"தோ பாரு, இருக்குது" என்று மாமா சப்பாத்திக் கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். டம், டம். குழம்பு தெறித்து யாரோ கத்தினார்கள். நான் திரும்பிப் பார்க்கப் போனேன். அக்கா எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பாத."

"விரலை..."

"உன் மாமா பாத்துகினுதான் கீறாரு. நீ திரும்பாத."

மேடையில் எவர்சில்வர் தூக்கு ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அதன் வளைந்த வயிற்றில் கூடம் முழுவதும் சின்னதாகத் தெரிந்தது: செய்தித்தாள், மூன்று தலைகள், நடுவில் ஒரு சிவப்புக் குவியல். மிகச் சிறிய தலை குனிந்து, வர்ஷினியைப் பார்த்து, ஒரு காலை வாயில் வைத்தது. கடக். பிறகு உறிஞ்சும் சத்தம். பிறகு காரம் தாங்காமல் "ஹா, ஹா" என்ற மூச்சு. மாமா சோற்றில் கொஞ்சம் குழம்பு பிசைந்து நீட்ட, அதையும் வாய் வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டதா? தூக்கின் வளைவில் சரியாகத் தெரியவில்லை. தூக்குக்கு நெருங்கிக் குனிந்தேன். அக்காவும் தூக்கையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிம்மா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "இன்னும்."

மேரிலாந்தில் 'மோர்' என்றுதான் சொல்வாள். அதுவும் அபூர்வமாக. 'இன்னும்' என்ற வார்த்தை அவளுக்குத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. "தோ வரேன்டா ராஜாத்தி, ஜல்தியா வரேன்" என்று கத்திக்கொண்டே ஓடிய அக்கா, என்னைக் கடக்கும்போது கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். கேட்டால் மிளகாய் நெடி என்பாள்.

நான் டிக்கெட்டை மாற்றவில்லை. அடுத்த ஞாயிறும் நண்டு வந்தது. நடுவில் இருந்த நாட்களில், நண்டு இல்லாவிட்டாலும், செய்தித்தாளை விரித்து எதைக் கொட்டினாலும் ஆதிரா உட்கார்ந்துவிடுவாள் என்று வர்ஷினி கண்டுபிடித்தாள். சுண்டலைக் கொட்டினார்கள். லெமன் சாதத்தைக்கூடக் கொட்டினார்கள். அச்சு மை குழந்தையின் வயிற்றுக்குள் போகாதா என்று நான் இணையத்தில் தேடினேன். தேடியதை யாரிடமும் சொல்லவில்லை. என் உதிர்ந்த கேக்கை அக்கா வெங்காயம் சேர்த்துப் புட்டாக வதக்கிவிட்டாள். அதற்கு நான் குழுவில் எழுதிய ரிப்போர்ட்தான் இதுவரை எழுதியதிலேயே நீளமானது, ஒரு வரியைக்கூட அழிக்கவில்லை.

திரும்பி வந்து ஒரு சனிக்கிழமை, வளைகுடாவின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகைக் கடைக்குப் போனோம். பரிமாற வந்த பெண், கன்னம் சிவந்த பெரிய உருவம், வழக்கமான கேள்வியைக் கேட்பதற்குள் ஆதிரா, "முழு நண்டு" என்றாள். மரச்சுத்தியலை நானே கேட்டு வாங்கிக் கொடுத்தேன். நண்டுகள் வந்தன. ஆதிரா சுத்தியலை வலது கையில் பிடித்துக்கொண்டாள், அடிக்கவில்லை. இடது கையால் ஒரு காலைப் பிய்த்துக் கடைவாயில் வைத்து, கடக். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரபுவின் காலை மேசைக்கடியில் மிதித்து அவரையும் தண்ணீரைப் பார்க்க வைத்தேன்.

அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டார். "கடவுளே, இதை எங்கே கற்றுக்கொண்டாள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஹோம்" என்றேன்.

"ஈஸ்டர்ன் ஷோர்தானே? நினைத்தேன்!" என்று கையைத் தட்டினார். ஈஸ்டர்ன் ஷோர் என்பது வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், தலைமுறை தலைமுறையாக நண்டு பிடிக்கிறவர்களின் கரை. "என் அப்பாவும் அந்தப் பக்கம்தான். அங்கத்துப் பிள்ளைகள்தான் இப்படிக் கடிக்கும்." திருத்த வேண்டும் என்று நினைத்தேன். ஆரணியில் கடலே இல்லை, நண்டே ஐஸ் பெட்டியில் வருகிறது என்று எங்கிருந்து தொடங்குவது? ஆமாம் என்று தலையாட்டியது பொய்யாகுமா? நான் முடிவு செய்வதற்குள் அவர் எங்கள் மேசைக்கு இன்னும் இரண்டு நண்டு, நம் ஊர்க்காரர்களுக்கு என்று சொல்லி, இனாமாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆதிரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வாயிலிருந்து நண்டுக்காலை எடுக்காமல், சுத்தியலை நீட்டித் தண்ணீருக்கு அப்பால் மங்கலாகத் தெரிந்த கரையைக் காட்டினாள்.

"அம்மா, பெரிம்மா வீடு அங்கியா கீது?"

பிரபு என்னைப் பார்த்தார். நான் அந்தக் கரையைப் பார்த்தேன்.

"ஆமாம்" என்றேன். "இன்னும் கொஞ்சம் தள்ளி."